கடல் குடித்த டிஸ்க்கும் ஒரு கிழட்டு மெசினும்

பழுதான ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஆராவது கொண்டுவந்து மேசையில் வைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று, புதிதாகக் கடை போட்ட பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. முதலில் கையை எடுங்கள் என்கிறேன். கொண்டுவந்தவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது, அது கிடைக்காமல் போனால் அவருக்கு என்ன போகும் என்று கேளுங்கள். ஸ்குரூ ட்ரைவரைப் பிறகு தேடலாம்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஓலெவல் சோதனையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ரேடியோ திருத்தி, டீவி திருத்தி, கடைசியில் கொம்பியூட்டருக்கு வந்தவன். பிறந்தது களுதாவளை, பிள்ளையாரின் காலடியில். கலியாணம் முடித்து வாழைச்சேனைக்கு வந்து கடைத்தெருவில் ஒரு சின்ன அறையில் தொழில் செய்தேன். யுத்தம் முடிந்த பிறகு கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். இப்போது காலையில் பூக் கொய்து சாமிக்கு வைப்பதுதான் என் முழுநேர உத்தியோகம். கையில் நேரம் இருப்பதால் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்பதை நீங்கள் வேறு இடத்தில் படித்துக்கொள்ளலாம். நான் எழுதுவது, கை நடுங்கும் நேரத்தில் புத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றி.

யுத்த காலத்தில் எங்கள் பக்கம் வந்த கொம்பியூட்டர்கள் எல்லாம் வேறெங்கோ வேலை செய்து ஓய்வு பெற்றவை. கொழும்பில் கந்தோர் என்கிற அலுவலகங்களில் கழித்தவை, வெளிநாட்டுச் சொந்தக்காரர் கப்பலில் அனுப்பியவை. பலதில் ஹார்ட் டிஸ்க்கே இருக்காது. தங்கள் விசயம் வெளியே போகக்கூடாது என்று கழற்றிவிட்டுத்தான் தருவார்கள். புதுச் சாமான் சோதனைச்சாவடி தாண்டி வருவது கடவுள் செயல். அந்த மெசின்களில் எல்லாரும் பாவிக்கிற பெரிய சிஸ்டத்தைப் போட்டால், கிழட்டு மாட்டைப் பெரிய வண்டியில் பூட்டியது போல நுரை தள்ளும்.

அந்த நேரம்தான் ஓட்டமாவடித் தம்பி எனக்கு அறிமுகமானார். பாலம் கடந்தால் முஸ்லிம் ஊர், அங்கேதான் அவருடைய வீடு. கட்டார் நாட்டில் ஒரு கந்தோரில் கொம்பியூட்டர் திருத்தும் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து நின்றவர். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்றால் அவர்தான். பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழுதினால் கண்ணூறு பட்டுவிடும் என்று உம்மா ஏசுவாவாம்.

அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் சில சீடிகள் இருந்தன. சின்னச் சின்ன ஒப்பரேற்றிங் சிஸ்டங்கள். ஒரு சீடிக்குள் முழுதும் அடங்கும். ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. சீடியில் இருந்து எழும்பி மெசினின் மெமரிக்குள் போய் உட்கார்ந்து வேலை செய்யும். கரண்டை நிறுத்தினால் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். நான் முதலில் நம்பவில்லை. விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன்.

அவர் எனக்கு விளக்கிய விதம் இன்றைக்கும் ஞாபகம். பெரிய சிஸ்டம் ஒரு டிஸ்க்கைக் கண்டால் அது தன்னுடைய வீடு என்று நினைக்குமாம். நுழைந்தவுடன் கூட்டும், கழுவும், சாமானை இடம் மாற்றும், எங்கேயாவது உடைந்திருந்தால் கேட்காமலே திருத்தப் பார்க்கும். நல்ல டிஸ்க்குக்கு அது சரி. சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அது கொலை. இந்தச் சின்னச் சிஸ்டம், செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நிற்கிற விருந்தாளி மாதிரி. வாசிக்க மட்டும் என்று சொன்னால் வாசிக்க மட்டும்தான் செய்யும். ஒரு எழுத்தும் எழுதாது. அதைக் கேட்டபோது நல்ல கதை என்று தலையாட்டினேன். அதன் பெறுமதி பிறகுதான் தெரிந்தது.

கடல் ஊருக்குள் வந்த அந்தச் சுனாமி மார்கழியைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கல்குடாப் பக்கம் இருந்த வீடுகள் இருந்த இடம் தெரியாமல் போயின. எங்கள் கடைத்தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, கடவுள் காப்பாற்றினார். ஏன் எங்களைக் காப்பாற்றி அவர்களை விட்டார் என்று நான் சாமியறையில் நின்று கேட்டதுண்டு. பதில் வரவில்லை. வேலைதான் வந்தது. கடையில் இருந்த நல்ல மெசின்களைப் பள்ளிக்கூடத்து முகாமில் ஆட்களைப் பதிவதற்கு இரவல் கொடுத்துவிட்டேன். மிஞ்சியது ஒரேயொரு கிழட்டு மெசின். ஆரும் வாங்க மாட்டார்கள் என்று மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடந்தது.

அப்படியான ஒரு காலையில் தவராசாவும் அவருடைய மனைவி புஸ்பமும் கடைக்கு வந்தார்கள். தவராசாவைக் கல்குடாப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. ஸ்டூடியோ வைத்திருந்தவர். எங்கள் பகுதியில் முதன்முதல் டிஜிட்டல் கமெரா வாங்கியவரும் அவர்தான். கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர்தான் படம் எடுப்பார். அவர்களுக்கு ஒரே பிள்ளை, வாணி. பத்து வயது இருக்கும். கடல் பிள்ளையையும் ஸ்டூடியோவையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. கண்டெடுத்த உடல்களை அவசர அவசரமாக ஒரே இடத்தில் புதைத்த நாட்கள் அவை. இவர்கள் அந்தப் பிள்ளையைக் கடைசியாகக் கண்ணால் காணவில்லை.

தவராசாவின் கையில் ஒரு சாக்குப்பை. அதற்குள் அவருடைய கொம்பியூட்டர். சேற்றுக்குள் இருந்து தோண்டி எடுத்து, முகாமில் ஒரு தகரத்தின் மேல் நெத்தலி காயவைப்பது போல வெயிலில் காயவைத்திருக்கிறார். உள்ளே எல்லா இடமும் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. நான் சொன்னபடி தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, என்ன வேணும் என்று கேட்டேன்.

அவருக்கு வேண்டியது ஒரு படம். வாணியின் முகம். ஊரில் எல்லாருடைய பிள்ளைக்கும் அல்பம் செய்து கொடுத்த மனிதன், தன் பிள்ளையின் படம் ஒன்றைக்கூடப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கவில்லை. நம்மட தானே, பிறகு ஆறுதலாக எடுப்பம் என்று விட்டிருக்கிறார். பிறந்தநாளுக்கு எடுத்தது எல்லாம் அந்த டிஸ்க்குக்குள்தான். பள்ளிக்கூடத்துப் படம், சொந்தக்காரர் வீட்டுப் படம் எல்லாம் அந்தந்த வீடுகளோடு போய்விட்டன.

முப்பத்தோராம் நாள் கிரியை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் ஆத்மா அலையக் கூடாது, கடமையைச் செய்ய வேண்டும் என்று தவராசா நின்றார். புஸ்பம் ஒத்துக்கொள்ளவில்லை. உடலும் காணவில்லை, படமும் இல்லை, வெறும் சுவருக்கு முன்னால் நின்று ஆருக்கென்று செய்வது என்பது அவளுடைய கேள்வி. அன்றைக்கு அவள் என்னோடு கதைத்தது ஒன்றுதான்.

“கண்ண மூடினா புள்ளட முகம் வருகுதில்ல அண்ண. தண்ணிதான் வருகுது.”

நான் ஓட்டமாவடித் தம்பிக்கு ஆள் அனுப்பினேன். அவர்களுடைய பக்கமும் இறந்தவர்களின் மையித்துகள் அடக்கி முடியாத நேரம். அப்படியிருந்தும் சைக்கிளில் வந்தார். டிஸ்க்கைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காதருகில் வைத்து மெதுவாக அசைத்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் போகவில்லை போலத்தான் இருக்குது, அடியில் இருக்கிற சர்க்கிட் பலகையைத்தான் உப்புத் தின்றிருக்குது என்றார். காய வைத்தது பிழை, உப்புத் தண்ணீர் பட்டதை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் காய வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பலகையைக் கழற்றி, பற்றரிக்கு விடுகிற சுத்தத் தண்ணீரில் நான் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி சாப்பாடு கொண்டு வந்தா. வாளிக்குள் என் கையைப் பார்த்துவிட்டு, கடல் குடிச்சது போதாதெண்டு நீங்களும் குளிப்பாட்டுறீங்களோ என்று கேட்டா. புஸ்பத்தின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. என் மனைவி அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகவில்லை. புஸ்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டா.

எதில் பூட்டிப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. முகாமில் இருந்து ஒரு நல்ல மெசினைக் கேட்டு எடுக்கலாம் என்றேன். தம்பி மேல்தட்டைக் காட்டினார்.

“அந்தக் கிழவன இறக்குங்க அண்ண. அது மெல்லமாத்தான் வாசிக்கும். நோயாளிக்குக் கஞ்சி பருக்கிற மாதிரி. வேகமான மெசின் அவசரப்படுத்தும்.”

சரி என்று இறக்கினோம். அதில் இன்னொரு சின்னப் பழைய டிஸ்க்கைப் பூட்டினோம், வருவதை அதில் எழுதுவதற்கு. கரண்ட் வந்து வந்து போன நாட்கள். அரிசி மில்காரர் ஒருவர் தன் ஜெனரேற்றரைத் தந்தார். அடுத்த நாள் காலை, காய்ந்த சர்க்கிட் பலகையைத் திரும்பப் பூட்டிவிட்டு, நான் மெசினின் நெற்றியில் திருநீறு பூசினேன். தம்பி பிஸ்மி சொல்லி சுவிச்சைப் போட்டார்.

சின்னச் சிஸ்டம் எழும்பியது. அந்த மெசினில் அது எழும்புவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். பிறகு கடல் குடித்த டிஸ்க் சுழலத் தொடங்கிய சத்தம் கேட்டது. சீரான சத்தம் இல்லை. மூச்சு இழுக்கிற ஆளின் சத்தம். வாசிக்க மட்டும் என்று கட்டளை கொடுத்தேன். திரையில் ஒவ்வொரு வீட்டுக்காரரின் பெயரும் ஊரும் வரிசையாக வந்தன. தவராசா வாடிக்கையாளர் பெயரில்தான் எல்லாம் பிரித்து வைத்திருந்தார். அவர் விரலால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். வாணி பிறந்தநாள்.

பிரதி எடுக்கச் சொன்னேன். டக், டக் என்று டிஸ்க் தட்டியது. வாசிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். திருத்தவா என்று கேட்கவில்லை. தானாக எதையும் தொடவில்லை. அடுத்து என்ன என்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு தரம் சொன்னேன். இந்தமுறை தட்டிய சத்தம் பெரிதாக இருந்தது. தம்பி டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்து, சுடுகுது, கொஞ்சம் ஆறட்டும் என்று நிறுத்தினார்.

இதற்குள் கடை வாசலில் சனம் கூடிவிட்டது. தவராசாவின் கொம்பியூட்டர் உயிரோடு இருக்கிறது என்ற கதை முகாமுக்குப் போய்விட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த டிஸ்க்குக்குள் ஒரு ஆள் இருந்தார். முன்னுக்கு நின்றவ பார்வதி அக்கா. அவவுடைய மகனுக்கு அந்த வருசம்தான் கலியாணம் நடந்தது. மருமகள் தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினாள். மகன் தப்பவில்லை. கலியாணப் படம் இருக்குதா என்று மட்டும் கேட்டா, உள்ளே வர முயலவில்லை.

டிஸ்க் ஆறிய பிறகு தவராசா சொன்னார், இன்னொரு தரம் வாணிட பைலைத் தட்டிப் பாருங்க என்று. நான் தம்பியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

“கடை உங்கட அண்ண. நீங்கதான் சொல்லவேணும். இது நான் சொல்ற விசயமில்ல.”

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கியது. எங்கள் பக்கத்து இறந்தவர்களில் ஆரை முதலில் எடுப்பது என்று பாலத்துக்கு அங்கால இருந்து வந்த ஒருவர் சொன்னால், நாளைக்கு அது எப்படியெல்லாம் கதையாகும் என்று அவருக்குத் தெரியும். எங்கே கதைப்பது, எங்கே கதைக்காமல் இருப்பது என்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம் பிள்ளைகளே.

எனக்கு முன்னால் இருந்த நிலைமை இதுதான். பிறந்தநாள் படங்கள் இருந்த இடம் டிஸ்க்கில் அடிபட்ட இடம். அங்கே வாசிக்கிற தலையை மோத மோத முழு டிஸ்க்கும் செத்துவிடும். செத்தால் வாசலில் நிற்பவர்களின் பிள்ளைகளும் போய்விடுவார்கள். விட்டுவிட்டு மற்றதை வரிசையாக எடுத்தால், எல்லாம் எடுத்து முடித்துக் கடைசியில் அந்த இடத்துக்குத் திரும்பி வரலாம். அதுவரை டிஸ்க்குக்கு மூச்சு இருக்குமோ தெரியாது. ஆனால் கேட்டு வந்தவர் தவராசா. டிஸ்க் அவருடையது. அவருடைய மனைவி பலகையில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் களுதாவளைப் பிள்ளையாரை நினைத்தேன். டிஸ்க்கைத் திருத்தித் தா என்று கேட்கவில்லை. என் கை எங்கே நிற்க வேணுமோ அங்கே நிற்க வை என்றுதான் கேட்டேன். பிறகு தவராசாவிடம், அந்த இடத்தைக் கடைசிக்கு விடுவம், மற்றதை முதலில் எடுப்பம் என்றேன்.

“உங்கட புள்ளையெண்டா இப்பிடி விட்டுப்போட்டுப் போவீங்களா அண்ண?”

அவர் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

“இல்ல தம்பி. என்ட புள்ளையெண்டா என்ட கை நிக்காது. திருப்பித் திருப்பித் தட்டி டிஸ்க்கச் சாகடிச்சிருப்பன். அப்ப எனக்குப் பக்கத்தில வேற ஆள் ஒராள் இருக்கவேணும். இண்டைக்கு உங்களுக்கு நான் இருக்கிறன்.”

அவர் எழும்பி வெளியே போய்விட்டார். புஸ்பம் போகவில்லை.

மெசின் ஒவ்வொரு வீடாகப் பிரதி எடுத்தது. கிழட்டு மெசின், சின்னச் சிஸ்டம், சாகக் கிடக்கிற டிஸ்க். மூன்றும் ஒன்றையொன்று அவசரப்படுத்தவில்லை. டிஸ்க் சூடேறினால் நிறுத்துவோம், ஆறினால் தொடங்குவோம். ஒவ்வொரு பெயர் முடிய நான் வாசலுக்குப் போய்ச் சொல்வேன். பெயருக்குரியவர்கள் தலையில் கைவைத்து அழுதுவிட்டு, மற்றவர்களுக்காகப் போகாமல் நிற்பார்கள். பகல் சாப்பாட்டை ஆரும் நினைக்கவில்லை. வெயில் சாயும்போது வாசிக்கக்கூடிய எல்லாம் வந்து முடிந்தன. பிறகு சொன்ன சொல்லுப்படி வாணியின் பைலுக்குத் திரும்பினேன்.

டக் என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. உள்ளே சுழன்றது நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் கரண்டைக் கொடுத்துப் பார்த்தோம். அது எழும்பவேயில்லை.

அதை வெளியே போய்ச் சொல்ல வேண்டியவன் நான். தவராசா, ஓட்டமாவடித் தம்பியின் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். கிட்டப் போனவுடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஓம் என்று தலையை ஆட்டினார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே புஸ்பம் முடிஞ்சுதா என்று கேட்டாள். முடிஞ்சுது தங்கச்சி என்றேன். சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழும்பினாள். ஒருவாய் சாப்பிட்டிட்டுப் போ புள்ள என்று என் மனைவி அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினா.

அந்த இடைவெளியில் பார்வதி அக்கா உள்ளே வந்தா. மகனுடைய படம் வந்திருக்கிறது என்று நான் சொன்னதை அவ நம்பினா. ஆனாலும் கண்ணால் ஒருக்கால் பார்க்க வேணும் என்றா. நியாயம்தான். பிரதி எடுத்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன் ஒன்றையாவது திறந்து பார்க்க வேண்டும் என்பது தம்பி எனக்குச் சொல்லித் தந்த விதி. அவவுடைய பெயரில் இருந்ததைத் திறந்து, வரிசையில் முதலாவது படத்தைத் தொட்டேன்.

இந்தக் காலத்து மெசினில் படம் சட்டென்று முழுதாக வரும். அந்தக் கிழவனுக்கு அவ்வளவு வலு இல்லை. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாகத்தான் படத்தை வரையும். முதலில் தென்னோலைத் தோரணம் வந்தது. பிறகு நிலைக்கதவின் மேல்பக்கம், மஞ்சள் பூசியிருந்தது. எங்கட வாசல்தான் என்றா பார்வதி அக்கா. பிறகு ஒரு தலை. கறுத்த முடி, இரண்டு பக்கமும் சிவப்பு ரிபன். கலியாணத்துக்கு வந்த ஆரோ ஒரு பிள்ளை என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால் புஸ்பத்தின் குரல் கேட்டது.

“அந்த ரிபன் நான் கட்டினது.”

கோடு இறங்கிக்கொண்டே வந்தது. வகிடு. நெற்றி. திருநீற்றுக் கீறு. பிளாஷ் வெளிச்சத்துக்கு ஒரு கண் சுருங்கி மற்றக் கண் விரிந்திருந்தது. மூக்கு. விழுந்த பல்லின் இடைவெளி தெரியச் சிரித்த வாய். நாடிக்குக் கீழே இரண்டு கையாலும் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, வாசலில், மணப்பெண் வந்து நிற்க வேண்டிய இடத்தில் வாணி நின்றாள்.

என் மனைவி ஓடிப்போய்த் தவராசாவைக் கூட்டிக்கொண்டு வந்தா. அவர் திரையைப் பார்த்தார். முதலில் அவருக்கே விளங்கவில்லை. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படம் எடுப்பதற்கு முன் வெளிச்சமும் நிறமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவரை வெள்ளைத் தாளோடு நிறுத்தி ஒரு படம் எடுப்பார்களாம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மகள் அவரோடு போவாள், அவளைத்தான் நிறுத்துவார். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டிய படம். கழிவு. நேரம் இல்லாமல் அழிக்காமல் விட்டது. கழிவு என்பதால் அது பற்றிய ஞாபகமே அவருக்கு இருக்கவில்லை.

பார்வதி அக்கா இன்னும் தன் மகனைப் பார்க்கவில்லை. அடுத்த படத்தைத் திறக்க நான் கையை எடுத்தபோது, பொறுங்க, அது நிக்கட்டும் என்றா. திரைக்குக் கிட்டப் போய்ச் சீலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தா.

“பார் புஸ்பம். என்ட மகன்ட கலியாணத்துக்கு முதல் ஆளா வந்து நிக்கிறாள்.”

அப்போதுதான் புஸ்பம் அழுதாள். கடல் வந்த நாளில் இருந்து அவள் அழவில்லை என்று பிறகு தவராசா சொன்னார்.

பார்வதி அக்காவின் மகனையும் பார்த்தோம். பிறகு அடுத்த பெயரைத் திறந்தோம். அங்கேயும் முதலாவது படம் வாணி. அதற்கடுத்ததிலும் அநேகமாக அவள்தான். பழைய வேலைகளில் சின்னப் பிள்ளை, தாள் அவளுடைய முகத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. வரவர உயர்ந்துகொண்டு வந்தாள். ஒன்றில் நாக்கை நீட்டிக்கொண்டு, ஒன்றில் நித்திரைக் கலக்கத்தோடு, ஒன்றில் ஆரோ ஒருவரின் வீட்டுப் பலகாரத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு. வாணி பிறந்தநாள் என்று பெயர் போட்டு வைத்ததில் இருந்து ஒன்றும் வரவில்லை. ஊராருடைய பெயர்களுக்குள் இருந்துதான் அவள் வந்தாள்.

நான் எடுத்த முடிவால் இது கிடைத்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் முடிவெடுத்தேன். அந்தப் பிள்ளை மற்றவர்களின் படங்களுக்குள் இல்லாமல் இருந்திருந்தாலும் என் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், தவராசாவின் கேள்வியைச் சாகும்வரை சுமந்திருக்கவும் வேண்டும். முடிவு சரியா பிழையா என்பது வேறு, அதன் பலன் வேறு. பலனைத் தந்தது கடவுள். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

படங்களை உரிய உரிய வீட்டாருக்குக் கொடுத்தோம். எல்லாருக்கும் உடனே கொடுக்க முடியவில்லை. மாங்கேணிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. திரும்பவும் சண்டை தொடங்கி, அவர்கள் இடம் மாறி இடம் மாறி எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போயிற்று. பிரதி எடுத்த அந்தச் சின்ன டிஸ்க்கைப் பொலித்தீனில் சுற்றிச் சாமியறையில் வைத்திருந்தேன். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு அந்த வீட்டுக்காரர் ஒருநாள் கடைக்கு வந்தார். அவருக்கும் அதே கிழட்டு மெசினில், அதே சீடியைப் போட்டுத்தான் எடுத்துக் கொடுத்தேன். புது மெசின்கள் அப்போது என்னிடம் இருந்தன. ஆனாலும் பழகிய கை அதைத்தான் தேடியது. அந்தச் சின்னச் சிஸ்டத்தை இப்போது ஆரும் பாவிப்பதில்லை என்று என் மருமகன் சொல்கிறார். அதனால் என்ன. நீங்கள் எதைப் பாவித்தாலும், அது தானாக என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவருடைய டிஸ்க்கில் அதை ஏற்றாதீர்கள். உங்களைப் பற்றியும் அதையே தெரிந்து வையுங்கள். பயத்தில் உங்கள் கை தானாக என்ன செய்யும் என்று.

அதற்கெல்லாம் முன்பு, கிரியைக்கு முந்தின நாள் தவராசாவும் புஸ்பமும் கடைக்கு வந்தார்கள். மட்டக்களப்பு டவுணில் ஒரு ஸ்டூடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பிரேம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். எதைக் கொடுப்பது என்று இருவரும் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் கோடு கோடாக இறங்குகிற வரைக்கும் பொறுமையாக இருந்தார்கள். கடைசியில் பார்வதி அக்கா வீட்டு வாசலில் எடுத்ததையே இருவரும் விரும்பினார்கள்.

தவராசா தொழில்காரர் அல்லவா, அவருக்கு அந்த வெள்ளைத் தாள் கண்ணில் குத்தியது. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற படத்தில் வேலைத் தாள் எதற்கு, முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கீழே வெட்டிவிடுவம் என்றார். சின்னச் சிஸ்டத்தில் படம் வெட்டுவதற்கு ஒரு சின்ன வசதி இருந்தது. நான் நாடிக்குக் கீழே கோட்டைக் கொண்டுபோய் வைத்து, இதில வெட்டவா என்று கேட்டேன்.

“வெட்டாதீங்க,” என்றாள் புஸ்பம். “அவள் உங்களுக்கு வேல செய்துகொண்டு நிக்கிறாள். அந்தக் கையையும் வெட்டினா, என்னத்தப் புடிச்சிக்கொண்டு நிப்பாள்?”

தவராசா என் கையை மவுசில் இருந்து எடுத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் நானும் மனைவியும் முகாமுக்குப் போனோம். ஓட்டமாவடித் தம்பி வாசலோடு வந்து நின்றுவிட்டுப் போனார். புஸ்பம்தான் விளக்கை ஏற்றினாள். ஐயர் மாலையைப் படத்தில் போட்டபோது அது தாழ்ந்து தொங்கியது. அவள் கிட்டப் போய் அதைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டினாள், பிள்ளையின் கையில் இருந்த தாள் மறையாமல்.